எதிர் நாற்காலி

பவுடரைக் குறைத்துத்தான் போட்டிருக்கிறான் தாமு. நெற்றியில் இரண்டு தட்டு, மூக்கின் மேல் ஒரு தட்டு, ஆச்சு சார் என்று கழுத்துத் துண்டை உருவிக்கொண்டு போயே போய்விட்டான். சாராம். போன மாதம் வரைக்கும் அண்ணே, இன்றைக்கு சார். ஞானதுரை ஸ்டுடியோவின் விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, அணைந்து கிடந்த மானிட்டரின் கறுப்புக் கண்ணாடியில் தன் நெற்றியைத் தேடினான். மினுக்குகிறதா? மினுக்குகிற மாதிரிதான் இருக்கிறது. இந்த வித்தை அவனுக்குத் தெரியாதா என்ன. மாட்டவேண்டிய ஆள் வந்தால் மேக்கப் அறைக்கு முன்கூட்டியே சொல் போய்விடும், லேசாப் போடு தாமு. விளக்குச் சூட்டில் கொஞ்ச நேரத்திலேயே நெற்றி எண்ணெய்ச் சட்டி ஆகிவிடும், வந்தவன் சத்தியத்தையே பேசினாலும் வீட்டில் பார்க்கிறவர்களுக்கு பொய்யன் வியர்க்கிறான் என்றுதான் படும். எத்தனை பேரை அப்படி வியர்க்க வைத்திருக்கிறான் இவனே, அதோ, இந்துஜா என்கிற அந்தப் புதுப் பெண் இப்போது உட்கார்ந்து காகிதங்களை அடுக்கிக்கொண்டிருக்கிற அந்த உயரமான நாற்காலியில் இருந்துகொண்டு. எதிர் நாற்காலி ஒரு விரற்கடை தாழ்வாகவே இருக்கட்டும், கேட்கிறவனை அண்ணாந்து பார்த்துத்தான் பதில் சொல்லவேண்டும் என்று யோசனை சொன்னதும் இவன்தான். இப்போது இது ஒரு விரற்கடைதானா? இல்லை, தனக்கென்று இன்னும் கொஞ்சம் இறக்கியிருக்கிறார்களா? கைப்பிடிக்கு அடியில் தடவிப் பார்த்தான். உயரத்தை மாற்றும் பிடியின் மேல் டேப் சுற்றியிருந்தது. அவன் காலத்தில் டேப் கிடையாது. கிடையாதா, அல்லது இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திராததால் தெரியாமல் போய்விட்டதா. யாரிடம் கேட்பது? கேட்டால், நாற்காலியைப் பற்றி விசாரிக்கிறார் என்று அதையும் மேலே போய்ச் சொல்வார்கள்.

ஊர் உலகத்துக்கெல்லாம் ஞானதுரையைத் தெரியும். செய்தியும் விவாதமுமாக இத்தனை வருஷம் எல்லார் வீட்டுக் கூடத்திலும் கேட்காமல் நுழைந்த முகம். போன மாதம் வேலையை விட்டான், மறுவாரமே கட்சித் துண்டைத் தோளில் வாங்கிக்கொண்டான். இன்றைக்கு மத்தியானம் நாடாளுமன்றத் தேர்தலுக்கான வேட்பாளர் பட்டியல் வருகிறது, அதில் தெற்கே அவன் சொந்தத் தொகுதிக்கு நேராக அவன் பெயர் இருக்கும். இருக்கும் என்று தலைவர் வாயால் சொல்லியிருக்கிறார். சுத்தமான ஆளுன்னுதான் உங்களை எடுக்குறேன் தம்பி, எங்க ஆளுங்க லட்சணம் ஊருக்கே தெரியும், உங்க மேல ஒரு பொட்டுக் கறை தெரிஞ்சாலும் நானே பேரை அடிச்சிருவேன், மனசுல வச்சுக்கங்க. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்கே வைத்துச் சொன்னார் என்பதுதான் விஷயம். தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தன் கையாலேயே மீன் குழம்பை ஊற்றிக்கொண்டு சொன்னார், அதுவும் ராஜினாமாவுக்கு வெகு முன்னால், இவன் இன்னும் நடுநிலையாளர் ஞானதுரையாக தினமும் திரையில் உட்கார்ந்திருந்த நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து. டெல்லிக்கு வர்றீங்களா என்று கேட்டார். யோசிச்சுச் சொல்றேன் என்றது வாய், கை அதற்குள் இரண்டாவது துண்டு மீனுக்கு நீண்டுவிட்டது. எழுந்து கை கழுவும்போது சரி என்று சொல்லிவிட்டிருந்தான். அது வெளியே வந்தால் பட்டியலில் பெயர் இருக்காது. பெயர் போனால் போகட்டும் என்று சொல்வதற்குப் பழைய வேலையும் இல்லை. மடியில் கனம், வழியெல்லாம் பயம். அன்றைக்கு அவனைக் காரில் கூட்டிப்போன கட்சிக்காரர் வைகுண்டம் இதோ கேமராவுக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் வெள்ளை வேட்டியைத் தொடைக்கு நடுவே செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். துணைக்கு வந்தேன் தம்பி என்றார். துணைக்கா, காவலுக்கா? வைகுண்டத்தின் மச்சான் மகன் ஒருத்தன் அதே தொகுதியைக் கேட்டு அலைந்தானே, அவன் ஆசை அடங்கிவிட்டதா? மீன் குழம்புக் கதையை இந்தப் பெரிய மனிதரே யார் காதிலாவது போட்டிருந்தால்? அப்புறம் ஐயோ என் தம்பி மாட்டிக்கிட்டாரே என்று முதல் ஆளாய் நெஞ்சில் அடித்துக்கொள்ளப் போகிறவரும் இவர்தான்.

ஆனால் பயம் வைகுண்டத்தின் மேல் இல்லை. பயம் மாடியில் இருந்தது. மாடியில் திரைகள் வரிசையாய் மின்னும் இருட்டறையில் நஸ்ரின் உட்கார்ந்திருப்பாள், முக்காட்டுக்கு மேலேயே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஆறிப்போன டீயைத் தொடாமல். தயாரிப்பாளர் என்று நிகழ்ச்சியின் கடைசியில் அவள் பெயர் ஓடும், யாரும் படிப்பதில்லை. திரையில் கேள்வி கேட்கிறவரின் காதில் ஒரு சின்னக் குமிழ் செருகியிருக்கும், அதன் வழியாக அவள் பேசுவாள். வீட்டில் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்காது. இவன் காதில் எத்தனை வருஷம் அந்தக் குரல். கேளுங்கண்ணே. விடுங்கண்ணே, பாவம், அழுதுருவாரு போல. காலர் தூக்கிட்டிருக்கு, தொடாதீங்க, பிரேக்ல பாத்துக்கலாம். மறுபடி கேளுங்க, அவரு பதில் சொல்லலை, சொன்ன மாதிரி நடிச்சாரு. ஹெலன் ஒருமுறை சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள், கட்டிக்கிட்டது நான், காதைக் கொடுத்தது அவளுக்கு. கேலிதான், முழுக்கக் கேலியும் இல்லை. இப்போது அந்தக் காது சும்மா இருக்கிறது. விருந்தினருக்குக் குமிழ் கிடையாது, காலர் மைக் மட்டும்தான். காதுக்குள் அரித்தது. நஸ்ரின் கீழே இறங்கி வந்து ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. வேலை இருக்கும். வேலை இருக்குமா? முன்பெல்லாம் பெரிய ஆட்கள் வந்தால் அவள் இறங்க மாட்டாள், முகத்தைப் பார்த்துப் பேசிட்டா அப்புறம் கேக்க மனசு வராதுண்ணே என்பாள். அப்படியானால் இன்றைக்குக் கேட்கப் போகிறாள். என்ன கேட்கப் போகிறாள் என்பதும் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை, மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது, ஏதோ மறுநாள் நிகழ்ச்சி விஷயம். பேசிக்கொண்டிருக்கும்போதே தலைவர் வீட்டுத் தோட்டத்தில் மயில் கத்தித் தொலைத்தது. ஒன்று கத்தினால் போதாதென்று இன்னொன்றும் கத்தியது. அந்தத் தோட்டத்துக்கு மயில் வருவது செய்தியாளர் எல்லாருக்கும் தெரியும், பேட்டி எடுக்கப் போனவர்கள் அத்தனை பேரும் அந்தச் சத்தத்தை ஒருமுறையாவது திட்டியிருக்கிறார்கள். எங்கண்ணே இருக்கீங்க, மயில் கத்துது என்றாள். டிவியில ஏதோ படம் ஓடுதும்மா என்றான். அவள் சரிண்ணே என்றாள்.

அந்தச் சரி எந்தச் சரி? இத்தனை நாளாக அதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறான். நம்பிச் சொன்ன சரியா, நம்பாமல் விட்டுக்கொடுத்த சரியா, இருக்கட்டும் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று முடிந்து வைத்துக்கொண்ட சரியா? சாதாரணப் பெண் என்றால் விடலாம். இவள் ஒலியைக் கேட்டே ஆளை எடைபோடுகிறவள், மைக்கில் ஒருத்தர் எச்சில் விழுங்கினால் இந்தாளு பயப்படுறாரு என்று காதில் சொல்லுவாள். அப்பேர்ப்பட்ட காதுக்கு நிஜ மயிலும் படத்து மயிலும் ஒன்றாகவா கேட்டிருக்கும்? இதற்குள் ஃப்ளோரில் யாரோ கையை உயர்த்தினார்கள், சிவப்பு விளக்கு எரிந்தது, இந்துஜா நிமிர்ந்து புன்னகைத்தாள். நேரலை. இந்த நாற்காலியில உங்களைப் பார்க்கிறதே வித்தியாசமா இருக்கு சார், எப்படி இருக்கு உங்களுக்கு என்றாள். தாய் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்மா என்று அவன் வாய் தன்பாட்டுக்கு இனிமையாய்ச் சொன்னது. வாய் அவனுடைய பழைய வேலைக்காரன், முதலாளி எங்கே போனாலும் கடையை நடத்திக்கொள்ளும். ஏன் அரசியல், ஏன் இந்தக் கட்சி, டெல்லிக்குப் போனால் முதலில் என்ன பேசுவீர்கள். எல்லாம் வெண்ணெய் மாதிரிக் கேள்விகள். வாய் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது, ஞானதுரை உள்ளே ஒதுங்கி நின்று அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் இவ்வளவு மென்மை? கோயில் கிடாவுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள், மாலை போடுவார்கள், தலையை ஆட்டுகிறதா என்று பொறுமையாய்க் காத்திருப்பார்கள். அவர்களுக்கு அவசரமே இருக்காது. கிடா சிலிர்த்துக்கொண்டால் போதும், சம்மதம் கிடைத்துவிட்டது என்று அரிவாளை எடுப்பார்கள். சிலிர்க்கக் கூடாது, சிலிர்க்கக் கூடாது என்று உடம்புக்குச் சொல்லிக்கொண்டான்.

காதில் குரல் வரும்போது கேட்கிறவர்களின் முகத்தில் ஒன்று நடக்கும். பார்க்கிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை, அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். கண் எதிராளியின் மேலேயே இருக்கும், ஆனால் பார்வை மட்டும் ஒரு இழை பின்வாங்கும், இமை அரைக்கால் தாழும், கையில் பேனா இருந்தால் அது நின்றுவிடும். இந்துஜாவின் பேனா நின்றது. வருகிறது. பிரச்சாரம்னா வெயில்ல நிறைய அலையணும் சார், உங்களுக்கு சர்க்கரை வேற இருக்கு, நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா என்றாள் இந்துஜா. இது நஸ்ரின் கேள்விதான். இவனுக்குச் சர்க்கரை இருப்பது அவளுக்குத்தான் தெரியும், பிரேக்கில் பிஸ்கட்டைக் கையிலிருந்து பிடுங்கியவள் அவள்தான். ஒரு நொடி நெஞ்சு இளகிப் போயிற்று, கண்கூட லேசாய்க் கரித்தது. மறுநொடியே, பொறு, நேரலையில் ஏன் சர்க்கரையைச் சொன்னாள்? வேட்பாளர் நோயாளி என்று ஊருக்குச் சொல்லவா? இன்றைக்கு ஓட்டு, நாளைக்கு இடைத்தேர்தல் என்று எதிர்க்கட்சிக்காரன் மேடையில் கேலி பேச எடுத்துக்கொடுக்கவா? மக்கள் முகத்தைப் பார்த்தா பசியே தெரியலைம்மா என்று வாய் சமாளித்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அது தெரியாதவன் இல்லை ஞானதுரை, தெரிந்து என்ன செய்ய. கேமராவுக்குப் பின்னால் வைகுண்டம் போனை எடுத்து யாருக்கோ ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. யாருக்கு?

மறுபடி பேனா நின்றது. குளம் எங்கேங்கிற அந்தக் கேள்வி இன்னிக்கு உங்க போஸ்டர்ல எல்லாம் இருக்கு சார், அந்தக் கேள்வி எப்படிப் பிறந்துச்சு? இந்தக் கேள்வியில் தூண்டில் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். குளம் எங்கே. தூர்வாரி முடித்ததாக அமைச்சர் ஒருவர் அறிவித்த குளம். அவரை இதே நாற்காலியில் வைத்து இவன் கேட்டான், அந்தக் குளம் எங்கே இருக்கிறது என்று. அவர் திட்டத்தைப் பற்றிப் பேசினார். குளம் எங்கே ஐயா. அவர் விவசாயியைப் பற்றிப் பேசினார். சரி, குளம் எங்கே. அவர் தண்ணீர் குடித்தார். அந்த வீடியோ பற்றிக்கொண்டது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டிபன் பாக்ஸைத் தொலைத்தவனைக்கூடக் குளம் எங்கே என்று கேட்டார்கள், அமைச்சரின் பதவி போனது. அத்தனையும் நஸ்ரினுடையது. அந்தக் கிராமத்துக்கு விடுமுறை நாளில் பஸ் பிடித்துப் போய், குளம் இருக்கவேண்டிய இடத்தில் கருவேலங்காட்டைப் பார்த்துவிட்டு வந்தவள் அவள். காதுக்குள் அன்றைக்கு அவள் குரல் நடுங்கியது, விடாதீங்கண்ணே, வேற எதுவும் கேக்காதீங்க, அதையே கேளுங்க. அவள் நியாயத்துக்காக நடுங்கினாள். இவனோ அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே அந்த அமைச்சரின் எதிர்க்கட்சித் தலைவர் வீட்டில் கை நனைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். அவள் கேள்வியைத் தன் தேர்தல் வேலைக்கு வாங்கிக்கொண்டான், அவளுக்கே தெரியாமல். அதுதான் முள். பட்டியலில் பெயர் போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அவள் அதைத் தெரிந்துகொள்வதைத் தாங்க முடியாது. இப்போதாவது சொல்லலாம், அது என் கேள்வி இல்லை, மாடியில் இருக்கிற நஸ்ரினின் கேள்வி என்று. சொன்னால் ஊர் அவளைத் தேடிப் போகும், அவளிடம் கேட்கும், தேதிகளைத் துருவும். அது என் கேள்வி இல்லைம்மா, மக்களோட கேள்வி என்றது வாய். இந்துஜா தலையசைத்தாள். மாடியில் இதைக் கேட்டு என்ன முகம் வைத்திருப்பாள்? தெரியவில்லை. இருட்டறை ஒரு நல்ல ஏற்பாடு, அங்கிருந்து எல்லாம் தெரியும், அங்கே இருப்பவர்கள்தான் தெரியமாட்டார்கள்.

அப்புறம் அது வந்தது. இந்துஜா ஒரு கேள்வியைத் தொடங்கினாள், சார், இத்தனை வருஷம் நீங்க, என்றவள் அப்படியே நின்றாள். பார்வை பின்வாங்கியது. இமை தாழ்ந்தது. பேனா மட்டுமல்ல, மூச்சும் நின்ற மாதிரி இருந்தது, அவ்வளவு நேரம் காதில் ஒருத்தி பேசுகிறாள் என்றால் அது சின்ன விஷயமாக இருக்காது. நீளமான விஷயம். தேதி வைத்துச் சொல்லவேண்டிய விஷயம். மயில் வைத்துச் சொல்லவேண்டிய விஷயம். இத்தனை வருஷம் நீங்க நடுநிலைன்னு சொல்லிட்டு, இப்படித்தான் வாக்கியம் முடியும், வேறு எப்படி முடியும்? கேள்வி வந்து விழுந்துவிட்டால் அப்புறம் பதில் சொல்கிறவன் குற்றவாளிதான், இருபது முறை பார்த்திருக்கிறான், கேள்வி வருவதற்கு முன்னால் பாய்ந்துவிட்டால் தப்பலாம். நெற்றியில் ஒரு துளி நகர்ந்தது. வாயை இந்த முறை அவன் நம்பவில்லை, தானே பேசினான்.

“நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு எனக்குத் தெரியும்மா. ராஜினாமா பண்றதுக்கு முன்னாடி நான் தலைவரைப் பார்த்ததே கிடையாது. அவர் வீட்டு வாசலை மிதிச்சது இல்ல. யார் என்ன சொல்லியிருந்தாலும் அது பொய்.”

இந்துஜா அவனைப் பார்த்தாள். வாய் பாதி திறந்திருந்தது. பிறகு கேமராவுக்குத் திரும்பி, ஒரு சின்ன இடைவேளைக்குப் பிறகு தொடர்வோம் என்று எல்லா நாளும் சொல்கிறபடி சொன்னாள். சிவப்பு விளக்கு அணைந்து எங்கோ பற்பசை விளம்பரத்தின் பாட்டு கேட்டது. வைகுண்டம் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து வந்தார். குனிந்து அவன் காதருகில் பேசினார், வெற்றிலை வாடை அடித்தது. “என்ன தம்பி இது. தவளை தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க, நேர்ல இன்னிக்குத்தான் பாக்கேன். தலைவர் டிவி முன்னாலதான் இருக்காரு.” சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார். அவர் நடையில் அவசரம் இருந்தது, வருத்தம் இல்லை. ஞானதுரை கைக்குட்டையைத் தேடினான். தாமு வரவில்லை.

வந்தது நஸ்ரின். செருப்பில்லாத காலோடு, ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கேபிள்களைத் தாண்டித் தாண்டி வந்தாள். படிக்கட்டை ஓடி இறங்கியிருப்பாள் போல, மூச்சு வாங்கியது. முகத்தில் கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும், அதற்கு என்ன பதில் என்று தயாராகத்தான் வந்திருந்தான்.

“அண்ணே, நான் நேரம் ஆச்சுன்னுதான் அவகிட்டச் சொன்னேன். கேள்வியை பிரேக்குக்கு அப்புறம் வச்சுக்கோ, முதல்ல விளம்பரம் போயிருன்னேன். அவ புதுசு, தடுமாறிட்டா.”

அவ கேக்க வந்தது என்ன என்று கேட்க நாக்கு எழவில்லை. அவளே சொன்னாள்.

“இத்தனை வருஷம் இங்க இருந்தீங்களே, யாரை மிஸ் பண்றீங்கன்னு கேக்கச் சொல்லியிருந்தேன். நீங்க என் பேரைச் சொல்லுவீங்களோன்னு ஒரு ஆசை.” லேசாகச் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “நியூஸ் ரூம்ல நாலு பேரு சொன்னாங்கண்ணே, துரை முன்னாடியே பேசி முடிச்சுட்டாருன்னு. நான் சண்டை போட்டேன். என்கிட்டச் சொல்லாம அண்ணன் எதுவும் செய்ய மாட்டாருன்னு.”

“நஸ்ரின்,” என்றான்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. குளத்துக்கு முந்தியா, பிந்தியா?”

பிந்தி என்றால் போதும். ஒரு சொல். அவள் நம்பிவிடுவாள், அவள் எப்போதும் நம்பியிருக்கிறாள், அது இப்போதுதான் தெரிகிறது, இத்தனை நாளும் இவன் பயந்துகொண்டிருந்த அந்தச் சந்தேகம் முழுக்க முழுக்க இவன் தலைக்குள்ளேயே குடியிருந்து சாப்பிட்டுக் கொழுத்திருக்கிறது. பிந்தி என்று சொல் துரை. ஊருக்கே பொய் சொல்லிவிட்டாய், ஒருத்திக்குச் சொல்ல என்ன. சொல்ல முடியவில்லை. நேர்மையால் அல்ல, அவளிடம் பொய் சொன்னால் குரல் மாறும், அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயம்தான் முதலில் வந்தது, வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. எச்சில் விழுங்கினான். காலர் மைக் இன்னும் சட்டையில்தான் இருந்தது, ஆனால் அவள் ஹெட்செட் அவள் கையில் இருந்தது. அந்தச் சத்தம் அவளுக்கு நேராகவே கேட்டது.

அவள் தலையை இரண்டு முறை ஆட்டிக்கொண்டாள். மாடிக்குத் திரும்பிப் போகவில்லை. இரண்டாவது கேமராவுக்குப் பக்கத்தில் போய், வேலை முடிந்தவள் மாதிரி சுவரில் சாய்ந்து நின்றாள். ஃப்ளோரில் கை உயர்ந்தது. இந்துஜா ஒரு விரலால் காதைத் தொட்டுப் பார்த்தாள், கேபிளைப் பார்த்தாள், அப்புறம் சுவரோரம் நிற்கிற நஸ்ரினைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. ஞானதுரை பழக்க தோஷத்தில் இந்துஜாவின் இமையைப் பார்த்தான், பேனாவைப் பார்த்தான். ஒன்றும் தாழவில்லை, எதுவும் நிற்கவில்லை. அவள் காதில் பேச மாடியில் யாரும் இல்லை. அந்தச் சின்னப் பெண் காகிதங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதல் முறையாக முழுக் கண்ணோடு அவனைப் பார்த்தாள். பார்வையில் குறும்பு இல்லை, பகை இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற சாதாரண ஆசைதான் இருந்தது.

“சார், நான் அதைக் கேக்கவே இல்லையே,” என்றாள். “உங்களுக்கு ஏன் அப்படித் தோணுச்சு?”